நின்றால் நடுங்கும் கார்

ஹெப்பாள் என்றதும் பெங்களூர் மேம்பாலம் நினைவுக்கு வரவேண்டாம். இது நம் மைசூர் ஹெப்பாள். தொழிற்பேட்டையில் ஷிப்ட் விடும் நேரம், ரிங் ரோடு சிக்னலில் காத்து நிற்கையில்தான் ஒரு பெட்ரோல் காரின் உடல்நிலை தெரியும். ஓடும்போது வழுக்கிக்கொண்டு போகும் வண்டி, நின்றதும் குளிர்காய்ச்சல் கண்டவர்போல நடுங்கும். சில சமயம் பச்சை விழும் நேரம் பார்த்து ஆஃப் ஆகிவிடும். பின்னால் லாரி நிற்கும்போது இது விளையாட்டல்ல.

நின்றால் மட்டும் ஏன்? ஸ்லோ ஸ்பீடில் என்ஜின் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுதான் சுற்றுகிறது. த்ராட்டில் அநேகமாக மூடியிருப்பதால் உள்ளே போகும் காற்று மிகக் கொஞ்சம். வெடித்த ஹோஸ் வழியே கணக்கில் வராத காற்று சிறிது நுழைந்தாலும் கலவை கெட்டுவிடும். வேகத்தில் அதே கசிவு ஏரியில் ஊற்றிய சொம்புத் தண்ணீர்.

கார்புரேட்டர் காலத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. மைசூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 760 மீட்டர். காற்றழுத்தம் சென்னையைவிட 8 சதவீதம் போலக் குறைவு. அங்கே டியூன் செய்த வண்டி திம்பத்தின் 27 கொண்டைஊசி வளைவுகளை ஏறி இங்கு வந்தால், காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சித் தடுமாறும். மெக்கானிக் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும். 2000ஆம் ஆண்டையொட்டி மாருதி 800-க்கே எம்.பி.எஃப்.ஐ. வந்துவிட்டது, அதுமுதல் கம்ப்யூட்டரே அளவைத் திருத்திக்கொள்கிறது. ஆகவே இன்று யாராவது "இந்த ஊர்க் காத்து வண்டிக்கு ஒத்துக்கலை சார்" என்றால் நம்பவேண்டாம்.

முதலில் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். முள் அசையாமல் வண்டி மட்டும் அதிர்ந்தால், என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் போயிருக்கலாம். பிளக் மாற்றி என்ன பயன்? (மூன்று சிலிண்டர் வண்டிக்குக் கொஞ்சம் அதிர்வு பிறவிக்குணம்.) முள் ஏறி இறங்கி ஆடினால் காற்றுப் பாதையைக் கவனிக்கவேண்டும்: ஏர் ஃபில்டர், வேக்குவம் ஹோஸ், த்ராட்டில் பாடியில் படிந்த கரி. ஏ.சி. போட்டதும் மட்டும் திணறினால் கரியின் மேல்தான் என் சந்தேகம் முதலில் போகும். அதைத் துடைக்க ஆகும் செலவு சொற்பம்.

டக் டக்கென்று சீராக ஒரு மிஸ்ஸிங் கேட்டால் கதை வேறு. ஸ்கேனர் போட்டு 'பி0301' என்று வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். பிளக்குக்கு ஒரு காயில் உள்ள வண்டியானால், என்ஜினை அணைத்து, முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். கோடும் 'பி0302' என்று மாறினால் குற்றவாளி காயில்தான். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர் என்று அடுத்ததைப் பார்க்கலாம். இந்தச் சோதனைக்குப் புதுப் பாகம் எதுவும் வேண்டாம். சோதிக்காமல் ஒவ்வொன்றாக மாற்றினால்தான் பில் ஏறுகிறது.

மெக்கானிக்கிடம் சொல்லவும் பாஷை தடையில்லை. நமக்கு 'நடுங்குது', கன்னடத்தில் 'நடுகுத்தெ'. ஆனால் எப்போது நடுங்குகிறது, காலையில் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா, ஏ.சி. போட்டாலா என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் ஓரிரு நாளில் காட்டலாம். மினுக் மினுக்கென்று எரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை அளவுமீறிச் சூடேற்றிப் பாழாக்கிவிடும். அதன் விலை காயிலைப்போலப் பல மடங்கு. ஓரம்கட்டி அணைத்துவிட்டு, ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப்போகச் சொல்வதே லாபம்.