'இயற்கை' படத்தின் கதை எங்கிருந்து வந்தது?

முன்பின் தெரியாத இருவர், கொஞ்ச நாள் பழக்கம், பிறகு பிரிவு. இப்படிப்பட்ட படம் என்றதும் பலருக்கு 'பிஃபோர் சன்ரைஸ்' (1995) ஞாபகம் வரும். தமிழிலேயே ஒன்று இருக்கு: 2003-இல் வந்த 'இயற்கை'.

என்ன கதை?

கப்பல் தொழிலாளி மருது (ஷாம்), துறைமுக ஊரில் சந்திக்கும் நான்சியை (குட்டி ராதிகா) விரும்புகிறான். அவளோ ஒரு கேப்டனுக்காகக் (அருண் விஜய்) காத்திருக்கிறாள். அவள் மனம் மாறும் நேரம் பார்த்து கேப்டன் திரும்பி வந்துவிடுகிறார்.

மூலம் எது?

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1848-இல் எழுதிய 'வெண்ணிற இரவுகள்'. பீட்டர்ஸ்பர்க்கில் நான்கே இரவுகள் பழகும் இருவரின் கதை. இத்தாலியில் விஸ்கோன்தி 1957-இல் இதைப் படமாக்கினார். இந்தியில் 2007-இல் 'சாவரியா' ஆனது. எஸ்.பி. ஜனநாதன் தன் முதல் படத்துக்கே இதை எடுத்து, கால்வாய்க் கரையைத் தமிழ்நாட்டுத் துறைமுகமாக மாற்றினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

2014-இல் வந்த நம்ம மலேசியப் படம் 'வெண்ணிற இரவுகள்' தனிக் கதை. பெயர் மட்டும்தான் ஒன்று.

இப்போ ஏன் பார்க்கணும்?

பல படங்களில் ஹீரோ விடாமல் துரத்தினால் காதல் கைகூடிவிடும். இங்கே நான்சி எடுப்பதுதான் முடிவு. மருது தோற்கிறான், ஆனாலும் யாரும் வில்லன் ஆகவில்லை. செமினி ஹாஸ்டல் அறையில் லேப்டாப்பில் முதல் தடவை பார்ப்பவருக்கும் இது புரியும்: சேராமல் போன பழக்கம் வீண் இல்லை. 'வேண்டாம்' என்றவரை வெறுக்காமல் விலகுவதும் காதல்தான்.