தலைமன்னார்த் துறை

ஓர் இடம் தன் தொழிலை இழந்த பின்னும் பெயரை எளிதில் இழப்பதில்லை. மன்னார்த் தீவின் மேற்கு முனையருகே உள்ள தலைமன்னார் இறங்குதுறைப் புகையிரத நிலையம் இதற்குத் தக்க சான்று. அண்மையில் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றேன். தண்டவாளத்துக்கு அப்பால் கடல், அதனுள் துருவேறிச் சிதைந்த பழைய துறை, அருகே வெளிச்சவீடு. “ஐயா, இறங்குதுறை என்கிறார்கள், கப்பல் ஒன்றையும் காணோமே!” என்றான் ஒரு மாணவன். அவ்வினா விரிவான விடைக்குரியது.

இந்நிலையம் உள்ளூர்ப் பயணத்துக்கென எழுந்ததன்று. 1914 ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே பயணச்சீட்டில் வரும் வழி அமைந்தது. தனுஷ்கோடி வரை புகைவண்டி. பின்பு இருபது மைலளவு நீராவிக் கப்பல். தலைமன்னாரிலிருந்து மீண்டும் புகைவண்டி. ‘போட் மெயில்’ என மக்கள் வழங்கியது இதனையே. தனுஷ்கோடியும் தலைமன்னாரும் ஒரு வாயிலின் இரு கதவுகள் எனலாம்.

1964 டிசெம்பர் 22 இரவு, புயல் அவற்றுள் ஒரு கதவைப் பெயர்த்தெறிந்தது. பாம்பனிலிருந்து சென்ற வண்டியைப் பயணிகளோடு கடல் கொண்டது, தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று.

அவ்வாண்டு ஒக்ரோபரிலேயே மற்றொரு புயல் தாளில் எழுந்திருந்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. இலங்கை மண்ணிற் பிறந்து, தேயிலைத் தோட்டமன்றி வேறூர் அறியாதோர் பலர் இத்துறையிற் கப்பலேறினர். தாய் ஒரு கரை, மகள் ஒரு கரை எனக் குடும்பங்கள் பிரிந்தன. அவர்களை ஏற்றி வந்த வண்டியை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். எந்த நிகண்டிலும் காணாத சொல். ஆயினும் பொருள் விளக்கம் வேண்டாத சொல். துறை என்பது இறங்குமிடத்துக்கும் ஏறுமிடத்துக்கும் பொதுப்பெயர். அவர்க்கோ அது பிரியுமிடமாயிற்று.

1984 இல் கப்பல் நின்றது. 1990 இல் போரினால் வண்டியும் நின்றது. இந்தியக் கடனுதவியுடன் பாதை புதுக்கப்பெற்று, 2015 மார்ச் 14 இல் இந்நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. ஆயினும் அதன் பணி மாறிவிட்டது. கடல் கடப்போருக்கென அமைந்த வாயில், கொழும்பு செல்வோருக்கும் மடுவுக்கு யாத்திரை போவோருக்கும் உரிய உள்நாட்டு நிலையமாயிற்று. இதனைக் குறைகூற வேண்டியதில்லை. தீவு மக்களுக்கு அது பெரும்பயன்.

பழைய நிலையங்களுக்குப் புதுப்பணி தருவது உலக வழக்கே. 1900 இல் திறக்கப்பட்ட பாரிசின் ஓர்சே நிலையம் 1986 இல் கலைக்கூடமாயிற்று. கொழும்பின் பழைய முடிவிட நிலையத்தில் 2009 இல் புகையிரத அருங்காட்சியகம் அமைந்தது. 2014 இல் அது கடுகண்ணாவைக்கு மாறிற்று. எஞ்சின்களைக் காத்தல் நன்று. அவை இழுத்த பெட்டிகளில் அழுதுகொண்டு வந்தோரின் கதையை எங்கே காப்பது?

தலைமன்னாரில் ஓர் அறை போதும். ஒரு பயணச்சீட்டு, ஒரு தகரப்பெட்டி, அக்கரையிலிருந்து வந்த கடிதங்கள், முதியோர் குரலின் ஒலிப்பதிவுகள் ஆகியன அங்கு இடம்பெறலாம். 2023 இல், மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தோர், முன்னோர் நடந்த வழியைத் தேடித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்றனர். அந்நடைக்குத் தொடக்கமான ஊரில் அந்நினைவுக்கு ஒரு கூரை வேண்டாமா?

அறை அமைப்பது அரசின் கடன். அதனுள் வைக்க வேண்டியதைத் திரட்டுவது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய கடன். 1964 இல் பத்து வயதினராயிருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்களிடம் கேட்டெழுதும் பணியை அடுத்த தவணைக்கு ஒத்திவைத்தலாகாது.