நியம்கிரி கிராம சபைகள்: கருத்துக் கேட்பும் இசைவும்

பழங்குடியினர் வாழிடங்களில் சுரங்கம் அமைக்கும்போது அவர்தம் கருத்தைக் கேட்பது வேறு. இசைவைப் பெறுவது வேறு. 1996ஆம் ஆண்டின் பட்டியல் பகுதிகளுக்கான பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம், நிலம் கையகப்படுத்துமுன் கிராம சபையையோ உரிய நிலைப் பஞ்சாயத்தையோ கலந்தாலோசித்தாலே போதும் என்கிறது. மணல், கல் போன்ற சிறுகனிமங்களுக்கு மட்டுமே முன்பரிந்துரையைக் கட்டாயமாக்குகிறது. பாக்சைட்டு அவ்வகையில் அடங்காது.

ஒடிசாவின் நியம்கிரி வழக்கு இவ்விடைவெளியில்தான் எழுந்தது. மலையடிவாரத்தில் லாஞ்சிகர் அலுமினா ஆலை முன்னரே எழுந்துவிட்டது. மலைமேல் வாழும் டோங்கிரியா கோந்து மக்களின் விடை அதன் பின்னரே கேட்கப்பட்டது. 2010இல் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுக்க, ஒடிசா சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது.

2013 ஏப்ரல் 18ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைத் துணைக்கொண்டது. தனிமனித, சமூக உரிமைக் கோரல்களோடு, மலைத்தெய்வமான நியம ராஜாவை வழிபடும் உரிமை சுரங்கத்தால் பாதிக்கப்படுமா என்பதையும் கிராம சபைகளே ஆராய வேண்டும் எனப் பணித்தது. பாதிக்கப்படுமாயின் அவ்வுரிமை காக்கப்பட வேண்டும் என்றது. எனினும் இறுதி முடிவை அமைச்சகத்திடமே விட்டது. ஆகவே, இதனை முழுமையான மறுப்புரிமை எனக் கொள்வது மிகைக்கூற்றாகும்.

யாரைக் கேட்பது என்பதிலும் சிக்கல் எழுந்தது. மாநில அரசு ராயகடா மாவட்டத்தில் 7, கலஹண்டியில் 5 என 12 ஊர்களை மட்டும் தெரிந்தெடுத்தது. மலைத்தொடர் முழுவதையும் தெய்வத்தின் இருப்பிடமாகக் கருதும் மக்களுக்கு இவ்வெல்லை பொருளற்றது. நடுவண் பழங்குடியினர் நல அமைச்சகமும் இதனை ஏற்கவில்லை. ஆயினும், மாவட்ட நீதிபதி நிலை அலுவலர்கள் மேற்பார்வையில் 2013 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கூடிய 12 சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. 2014 ஜனவரியில் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது.

தீர்ப்பின் வலிமை வழிபாட்டுரிமையில் ஊன்றியிருப்பதே அதன் வரம்பும் ஆகும். மலையில் தெய்வம் உறைவதாகக் காட்ட இயலாத, நிலத்தையும் வனப்பொருளையும் மட்டுமே நம்பிய ஊர் இத்தீர்ப்பை அதே அளவு சார்ந்திருக்க இயலுமா என்பது விவாதத்திற்குரியது. 2009ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, வனநிலத்தைப் பிற பயன்களுக்கு மாற்றுவதற்கான விண்ணப்பத்துடன் கிராம சபையின் இசைவையும் வேண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டு வனப் பாதுகாப்பு விதிகளோ, வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பை நடுவண் அரசின் ஒப்புதலுக்குப் பிந்தைய கட்டத்தில் மாநிலங்களிடம் ஒப்படைத்தன.