முயல் தரும் சாட்சி

அரிப்புக்குப் போடும் செட்ரிசின் உடம்பில் எங்கே போய் உட்காருகிறது, அந்த இடத்தை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உட்காருவது, அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமினின் எச்1 ஏற்பியில். எச்2 வயிற்று அமிலத்துக்கு, எச்3 பெரும்பாலும் மூளையில், எச்4 ரத்த வெள்ளணுக்களில். எந்தச் செல்லில் எது இருக்கிறதென்று தேட ஆய்வகங்கள் அதிகம் நம்புவது ஆன்டிபாடியை.

ஏற்பிப் புரதத்தின் ஒரு சிறு துண்டை முயலுக்கு ஊசி போடுவார்கள். முயலின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி ஊறும். அதைப் பிரித்தெடுத்துத் திசுவின் மேல் விட்டு, பிறகு சாயம் ஏற்றிய இன்னோர் ஆன்டிபாடியையும் விட்டால், ஒட்டிய இடம் நுண்ணோக்கியில் ஒளிரும்.

சிக்கல், எது ஒட்டியது என்பதில்தான். இந்த ஏற்பிகள் செல்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்பவை; வெளியே தெரிவது கொஞ்சம், எண்ணிக்கையும் குறைவு. ஆன்டிபாடிக்கு அடையாளம் அந்தச் சிறு துண்டு மட்டுமே. எங்கள் தெருவில் "செல்வம்" என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து தலை நீளும், அதே கதை.

எச்4 விஷயத்தில் இது அம்பலமானது. 2012இல் ஜெர்மனியின் ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடையில் கிடைத்த எச்4 ஆன்டிபாடிகளைச் சோதித்தார்கள். எச்4 மரபணுவையே நீக்கிய சுண்டெலி இருக்கிறது. அதன் செல்லில் ஆன்டிபாடிக்கு வேலையே இருக்கக் கூடாது. அங்கும் அவை ஒட்டின! இல்லாத ஆளைப் பார்த்தேன் என்று கூசாமல் சொல்லும் சாட்சி.

அந்தச் சுண்டெலியின் திசுவைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மையான சோதனை. அது செலவு, தாமதம் என்று தட்டிக் கழித்து, விற்பவரின் கேட்டலாக்கில் உள்ள அழகான படத்தை நம்பிவிடுகிறார்கள். புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட் செய்யும்போதும் சிக்கல் உண்டு. அப்போது மாதிரியைக் கொதிக்க வைப்பது பழக்கம்; இந்த ஏற்பிகளோ கொதித்தால் ஒன்றோடொன்று திரண்டு ஜெல்லின் மேலேயே தங்கிவிடக்கூடும். எதிர்பார்த்த இடத்தில் ஏதோ ஒரு பட்டை தெரிந்தால் போதும், மற்றதைக் கத்தரித்துவிட்டு அச்சுக்கு அனுப்பிவிடலாம். ஆய்வு மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; முழு பிளாட்டைக் காட்டு என்று வழிகாட்டிகள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு முயல் செத்தால் அடுத்த முயல் தரும் ஆன்டிபாடி அதேபோல இருக்காது. குப்பியில் கேட்டலாக் எண் பழையதுதான், எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் எண் மட்டும் மாறியிருக்கும். அந்த லாட் எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடுகிறவர்கள் இன்னும் குறைவு.