போட்டி சந்தையில், கூட்டு பெட்டியில்: சரக்கு ரயிலும் நம் விளைபொருளும்

மாசி, பங்குனி மாதங்களில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் போகிறவர்கள், வயலோரங்களில் தர்பூசணி குவியல் குவியலாகக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். பழம் பறித்தாகிவிட்டது, லாரி வரவேண்டும். லாரி வரும் நேரத்தைப் பொறுத்தும், லாரிக்காரர் கேட்கும் வாடகையைப் பொறுத்தும் விவசாயிக்குக் கிடைக்கும் விலை ஏறுகிறது, இறங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வயல் பார்வைக்குச் சென்றிருந்தேன். அன்று மாலை அவ்வூரிலிருந்து ஒரே சந்தைக்கு இரு வியாபாரிகளின் லாரிகள் புறப்பட்டன. ஒன்றில் பாதிக்குச் சற்று மேல் சரக்கு, மற்றதில் முக்கால் அளவு. இரண்டுக்கும் முழு வாடகை. இரண்டு வியாபாரிகளும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்றார்கள். லாரியில் காலியாகக் கிடந்த இடத்துக்கான வாடகை அவர்கள் கையிலிருந்து போகவில்லை. கொள்முதல் விலையில் கிலோவுக்கு இவ்வளவு என்று கழிக்கப்பட்டு, பழம் விளைவித்தவர் தலையில்தான் விழுந்தது.

லாரியில் ஓரளவு தாங்கிக்கொள்ளக்கூடிய இந்த நட்டம், ரயிலில் அனுப்ப நினைத்தால் பன்மடங்காகிவிடும். காரணம், ரயில் பெருஞ்சரக்கைக் கேட்கும் வாகனம். சிறு விவசாயியிடம் இருப்பதோ சிறு சரக்கு. இவ்விரண்டையும் இணைக்க உள்ள வழி ஒன்றே: சந்தையில் போட்டியாளர்களாக இருப்பவர்கள் பெட்டியை மட்டும் பகிர்ந்துகொள்வது. இது எங்கே நடந்திருக்கிறது, நம் பகுதியில் நடக்க என்ன வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

ரயில் ஏன் கைவிட்டுப் போயிற்று?

முற்காலத்தில் சிறு நிலையங்களில்கூட பத்து மூட்டையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு வரலாம். ஒரு வேகன் நிறையும் அளவு இருந்தால் அந்த ஒரு வேகனை மட்டும் கேட்டுப் பெறலாம். ஆனால் அப்படிப் பெற்ற வேகன் ஒவ்வொரு சந்திப்பிலும் கழற்றப்பட்டு, அடுத்த வண்டிக்காகக் காத்துக் கிடந்தது. நம் விழுப்புரம் மீட்டர் பாதைச் சந்திப்பாக இருந்த காலத்தில், காட்பாடி போன்ற இடங்களில் அகலப் பாதை வேகனுக்குச் சரக்கை மாற்றி ஏற்றும் தொல்லையும் இருந்தது. எந்த நாளில் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல இயலவில்லை.

எனவே 1980-களில் ரயில்வே, சில்லறைச் சரக்கையும் தனி வேகன் சரக்கையும் படிப்படியாகக் குறைத்து, ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்கும் முழு வண்டிச் சரக்கிற்கு மாறியது. முழு வண்டியைத்தான் ‘ரேக்’ என்கிறோம். மூடிய வேகன்கள் கொண்ட ஒரு ரேக் 2,500 டன்னுக்கு மேல் சுமக்கும். நிலக்கரி, சிமெண்டு, உரம், அரசு கொள்முதல் செய்யும் நெல் ஆகியவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. முண்டியம்பாக்கத்தில் உர மூட்டைகள் சரக்கு ரயிலில் வந்து இறங்குவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நமக்கு வேண்டிய உரம் ரயிலில் வருகிறது. நாம் விளைவித்தது லாரியில் போகிறது.

ரயில்வேயை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. முழு வண்டியை நிரப்ப ஆள் இருந்தால் அது தனி வேகனைத் தேடி அலையவேண்டியதில்லை. ஆனால் நாடு விடுதலை பெற்ற காலத்தில் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பங்கைச் சுமந்த ரயில், பின்னர் ஏறக்குறைய கால் பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. 2030-க்குள் இதை 45 சதவீதமாக உயர்த்த வேண்டுமென்று தேசிய ரயில் திட்டம் இலக்கு வைத்திருக்கிறது. நிலக்கரியை மட்டும் கொண்டு இந்த இலக்கை எட்ட இயலாது. சிறு சரக்கும் திரும்ப வந்தாகவேண்டும்.

ஒரே வண்டியில் பலர் சரக்கு

இதற்கான முயற்சிகளில் விவசாயிக்கு நேரடியாகப் பொருந்துவது ‘கிசான் ரயில்’. 2020 ஆகஸ்டு 7-ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்கு முதல் வண்டி புறப்பட்டது. 1,519 கிலோமீட்டரை ஏறக்குறைய 32 மணி நேரத்தில் கடக்குமாறு கால அட்டவணை வகுக்கப்பட்டிருந்தது. அடுத்த மாதமே ஆந்திரத்தின் அனந்தபூரிலிருந்து டெல்லிக்கு ஒரு வண்டி பழங்களுடன் சென்றது.

இதன் சிறப்பு வேகம் மட்டுமன்று. பல பொருள்களை, பலர் அனுப்பி, பலர் பெறலாம். வழியில் பல நிலையங்களில் ஏற்றலாம், இறக்கலாம். 2020 டிசம்பர் 28-இல் சாங்கோலாவிலிருந்து மேற்கு வங்கத்தின் ஷாலிமாருக்குப் புறப்பட்ட நூறாவது வண்டியில் பூக்கோசு, குடைமிளகாய், முட்டைக்கோசு, முருங்கை, மிளகாய், வெங்காயம், திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, வாழை, சீதாப்பழம் ஆகியவை சேர்ந்து சென்றன. ஒருவருடைய மாதுளையும் அவரோடு போட்டியிடும் அடுத்தவருடைய மாதுளையும் ஒரே பெட்டியில் அடுக்கப்பட்டன. போய்ச் சேர்ந்த பின் அவரவர் வியாபாரம் அவரவருக்கு.

பழம், காய்கறிகளுக்கு ரயில் கட்டணத்தில் பாதியை உணவு பதப்படுத்தும் தொழில் அமைச்சகம் மானியமாக ஏற்றது. அந்த மானியம் 2022 மார்ச் 31-உடன் நின்றது. மானியம் இருந்தபோது அரைப் பெட்டி காலியாகச் சென்றாலும் யாருக்கும் வலிக்கவில்லை. மானியம் போன பின் பெட்டி நிறைகிறதா என்பதே கேள்வியாகிவிட்டது. என் கருத்தில் கிசான் ரயிலிலிருந்து நாம் படிக்கவேண்டிய பாடம் இந்த இரண்டாவது பகுதிதான்.

மானியம் இல்லாமலே போட்டி நிறுவனங்கள் கூடிய எடுத்துக்காட்டு ஐரோப்பாவில் உண்டு. அங்கும் தனி வேகன் சரக்கு லாரிக்குப் போய்க்கொண்டிருந்தது. 2010-இல் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், செக், லக்சம்பர்க், சுவீடன் ஆகிய ஏழு நாடுகளின் சரக்கு ரயில் நிறுவனங்கள் ‘எக்ஸ்ரயில்’ என்ற கூட்டணியை அமைத்தன. இவை ஒன்றுக்கொன்று வாடிக்கையாளரைப் பறிக்கும் நிறுவனங்கள். ஆயினும் வேகன் எங்கே இருக்கிறது, எப்போது கைமாறும், என்றைக்குப் போய்ச் சேரும் என்ற விவரங்களை ஒன்றுக்கொன்று தெரிவிக்க உடன்பட்டன. கட்டணம் பேசுவதும் வாடிக்கையாளரைப் பிடிப்பதும் தனித்தனியாகவே இருந்தன. எதில் கூடுவது, எதில் கூடாமல் இருப்பது என்று முன்கூட்டியே கோடு போட்டுக்கொண்டதைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் கூட்டு முயற்சிகள் பலவும் உடைவது இந்தக் கோடு இல்லாததால்தான்.

நம் பக்கத்துக் கணக்கு

விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என ஐந்து திசைகளில் பாதை செல்கிறது. இப்போது எல்லாம் அகலப் பாதை. வடக்கே செல்லும் சரக்கை வழியில் மாற்றி ஏற்றவேண்டிய தேவை இல்லை.

பயணிகள் வண்டியின் முன்னும் பின்னும் உள்ள சரக்கு அறை ஒன்றில் 4 டன் ஏற்றலாம். ஆனால் திண்டிவனம் போன்ற நிலையத்தில் வண்டி நிற்கும் ஓரிரு நிமிடத்தில் 4 டன் ஏற்றுவது நடக்கிற காரியமன்று. தனிப் பார்சல் பெட்டி ஒன்று 23 டன் கொள்ளும். நீர்ப்பாசனத் தர்பூசணி ஏக்கருக்கு 10 முதல் 12 டன் வரை விளையும். ஆக, இரண்டு ஏக்கர் விளைச்சல் ஒரு பெட்டிக்குக் காணும். இருபது பெட்டி கொண்ட ஒரு பார்சல் வண்டிக்கு 460 டன், அதாவது நாற்பது ஏக்கருக்கு மேற்பட்ட விளைச்சல், ஓரிரு நாளில் நிலையத்துக்கு வந்தாக வேண்டும்.

பெட்டி நிறையாவிட்டால் என்ன ஆகும்? கணக்குக்காக ஒரு பெட்டிக்கு 46,000 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 23 டன் ஏற்றினால் கிலோவுக்கு 2 ரூபாய். 14 டன் மட்டும் ஏற்றினால் கிலோவுக்கு 3 ரூபாய் 29 காசு. மேலே சொன்ன இரண்டு வியாபாரிகளின் பிணக்குக்கு விலை இந்த 1 ரூபாய் 29 காசு.

எல்லாச் சரக்குக்கும் ரயில் ஏற்றதன்று என்பதையும் சொல்லிவிடவேண்டும். சென்னைக்கு நம்மிடமிருந்து 120 முதல் 160 கிலோமீட்டர்தான். லாரியில் ஒரு முறை ஏற்றி ஒரு முறை இறக்கினால் போதும். ரயிலென்றால் வயலில் வண்டியில் ஏற்றி, நிலையத்தில் இறக்கிப் பெட்டியில் ஏற்றி, சேருமிடத்தில் இறக்கி, மறுபடி லாரியில் ஏற்றி, மண்டியில் இறக்க வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கூலி உண்டு, உடையும் பழமும் உண்டு. சென்னைக்கு அனுப்புகிறவர்கள் ரயிலை மறந்துவிடலாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள டெல்லி, கல்கத்தா போன்ற சந்தைகளுக்குத்தான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

எதனோடு எதைச் சேர்ப்பது?

பெட்டியை நிரப்புவதற்காகக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து ஏற்றக்கூடாது. பழுக்கும் வாழைத்தாரும் மாம்பழமும் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அந்த வாயு பட்டால் தர்பூசணியின் சதை குழைந்து இளகிவிடும். ஆதலால் இவற்றை ஒரே பெட்டியில் ஏற்றலாகாது. அடுத்தடுத்த பெட்டிகளில் ஏற்றலாம்.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. இரகங்களால் பெயர் பெற்ற நிலக்கடலை, தர்பூசணியோடு சேர்க்க ஒரு வகையில் பொருத்தமானது. காயின் ஈரம் 8 சதவீத அளவுக்கு இறங்கும்வரை உலர்த்தினால் வாரக்கணக்கில் காத்திருக்கும். தர்பூசணி காத்திருக்காது. எனவே தர்பூசணி வரவு குறைந்த நாளில் மீதி இடத்தை நிரப்பக் கடலை மூட்டை கைகொடுக்கும். ஆனால் உடைந்த பழத்தின் சாறு மூட்டையில் இறங்கினால் பூஞ்சாணம் பிடித்து, அஃப்லாடாக்சின் நஞ்சு உண்டாகும். கடலை மூட்டைகளைப் பெட்டியின் ஒரு கோடியில் பலகைத் தடுப்பு வைத்து, தரையிலிருந்து சற்று உயர்த்தி அடுக்கவேண்டும். தர்பூசணிக்கு அடியிலும் அடுக்குகளுக்கு இடையிலும் வைக்கோல் பரப்பவேண்டும்.

தர்பூசணியைப் பறித்த பின் அது மேலும் பழுக்காது. நெடும் பயணமாயிற்றே என்று காயாகப் பறித்து அனுப்பினால் காயாகவே போய்ச் சேரும். காம்பருகே உள்ள பற்றுக்கம்பி காய்ந்தும், தரையில் படிந்த பகுதி வெண்மை மாறி மஞ்சளாகியும் இருக்கவேண்டும். விரலால் தட்டினால் ‘டங்’ என்று ஒலிக்காமல் ‘டப்’ என்று மந்தமாக ஒலிக்கவேண்டும். இரண்டங்குலக் காம்பு விட்டு அறுப்பது நல்லது.

உழவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது விதைப்பு நாள். எல்லோரும் ஒரே வாரத்தில் விதைத்தால் ஒரே வாரத்தில் நாற்பது ஏக்கரல்ல, நானூறு ஏக்கர் அறுவடைக்கு வரும். ஒருநாள் வண்டி நிறையும்; மீதி வயலில் கிடக்கும்; அடுத்த வாரம் வண்டி காலியாக நிற்கும். ஐந்தாறு ஊர்கள் பேசிக்கொண்டு, வாரத்துக்கு இத்தனை ஏக்கர் என்று விதைப்பைப் பிரித்துக்கொண்டால், பயிர் 75 முதல் 90 நாளில் அறுவடைக்கு வரும் கணக்கில், வாரந்தோறும் இத்தனை பெட்டி என்று கார்த்திகையிலேயே சொல்லிவிடலாம். ரயில்வே அலுவலரும் அந்தப் பேச்சைத்தான் காது கொடுத்துக் கேட்பார். காலிப் பெட்டி எங்கிருந்தாவது இங்கு வந்து சேரவேண்டுமல்லவா?

ரசீது யார் பெயரில்?

கூட்டு முயற்சியில் சண்டை பெரும்பாலும் ரசீதில் தொடங்கும். ரயில் ரசீது சரக்கின் மீதுள்ள உரிமைக்கு ஆதாரம். பின்புறம் கையெழுத்திட்டு மற்றொருவருக்கு மாற்றவும் கூடும். ஐந்து பேர் சரக்கை ஒருவர் பெயரில் பதிவு செய்தால், சட்டத்தின் கண்ணில் சரக்கு அவருடையதே. பழம் சேதமானாலும், பெட்டி காணாமற் போனாலும் ஈடு கேட்கும் உரிமையும் அவருக்கே. ஆகவே ஒவ்வொருவரும் ஏற்றிய எடை, தரம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி எல்லோரும் கையெழுத்திட்ட தாளின் படி ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும். அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்யலாம். எடை போடும் பொறுப்பை ஏற்றுகிறவர்களில் ஒருவரிடம் விடாமல், சரக்கு ஏதும் அனுப்பாத ஒருவரிடம் விடுவது உத்தமம்.

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் ரயில்வேக்கு அறிவிப்புக் கொடுத்தால்தான் நட்ட ஈடு கேட்கமுடியும். தீராவிட்டால் சென்னையில் உள்ள ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தை அணுகலாம். குறித்த நேரத்துக்குள் ஏற்றாமலோ இறக்காமலோ விட்டால் தாமதக் கட்டணம் விழும். அது யார் தாமதத்தால் விழுந்ததோ அவர் கணக்கில் எழுதுவதென்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளவேண்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்ட இடத்தில்தான் கூட்டு முறிகிறது.

விண்ணப்பிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்க. விழுப்புரம் நிலையம் தென்னக ரயில்வேயின் திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தைச் சேர்ந்தது. சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திண்டிவனமோ சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது. புதிய சரக்கைத் தேடிப் பிடிப்பதற்காக 2020-இல் ஒவ்வொரு கோட்டத்திலும் வணிக வளர்ச்சிப் பிரிவு அமைக்கப்பட்டது. விழுப்புரத்தில் ஏற்ற நினைக்கும் திண்டிவனம் வட்டார விவசாயிகள், விதைப்புக்கு முன்பே ஊர்வாரியான ஏக்கர்க் கணக்கையும் அறுவடை வாரங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு திருச்சிக் கோட்ட அலுவலகத்தை அணுகவேண்டும்.