மின்சாரத்துக்கு இரவு விலை உண்டு, உறக்கத்துக்கு?

நூற்பாலை ஒன்றின் மின்கட்டணச் சீட்டைப் பார்த்தால் ஒரு விவரம் தெரியும். உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலை, காலையிலும் மாலையிலும் உச்ச நேரத்தில் எடுக்கும் மின்சாரத்துக்குக் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். இரவில் எடுப்பதற்குச் சிறிய தள்ளுபடி உண்டு. மின்சாரம் ஒன்றுதான், எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் விலை மாறுகிறது.

அதே ஆலையில் வேலை பார்க்கும் பெண்ணின் சம்பளச் சீட்டில் பெரும்பாலும் அப்படியொரு வரி இருக்காது. அறுந்த இழையைப் பகல் பதினொரு மணிக்கு ஒட்டினாலும் இரவு இரண்டு மணிக்கு ஒட்டினாலும் கூலி ஒன்றுதான். இரவு வேலைக்குத் தனிப்படி கொடுத்தாக வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் எங்கும் சொல்லவில்லை. சங்கம் வலுவாக நின்று ஒப்பந்தம் போட்ட இடங்களில்தான் அது கிடைத்தது. மின்சாரத்துக்கு நேரம் பார்த்து விலை வைக்கத் தெரிந்த நமக்கு, மனித உறக்கத்துக்கு விலை வைக்கத் தெரியவில்லை.

யாருடைய இரவு?

திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர் வட்டாரம் நூற்பாலைகள் நிறைந்த பகுதி. இங்கும் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், விருதுநகர் மாவட்டங்களிலும் உள்ள மில்களுக்கு ஆள் எடுக்க முகவர்கள் முதலில் வருவது சேரிகளுக்குத்தான். காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. சொந்த நிலம் இருக்கும் வீட்டுப் பெண் இரவு ஷிப்ட் ஒத்துவரவில்லை என்றால் நின்றுகொள்ளலாம். நிலமும் இல்லாமல், மழை பொய்த்தால் உள்ளூரில் கூலி வேலையும் இல்லாமல் இருக்கும் வீட்டுப் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. எந்த ஷிப்ட் என்று கேட்கும் இடத்தில்கூட அவள் இல்லை.

'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்று ஆண்டு வேலை, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று சொல்லி ஆள் சேர்த்த காலத்தை நம் ஊர்கள் மறக்கவில்லை. 2011-லும் 2014-லும் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைகள், அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் மிகுதியானவர்கள் தலித் மற்றும் பிற ஏழைக் குடும்பங்களின் இளம்பெண்கள் என்று பதிவு செய்தன. நீண்ட வேலை நேரத்தையும் விடுதியை விட்டு வெளியே போக முடியாத நிலையையும் அவை சுட்டிக்காட்டின. அந்தப் பெயரை இப்போது யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. ஆனால் ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி என்ற ஏற்பாடு இருக்கிறது. விடுதியில் இருப்பவள் எந்த நேரத்திலும் கூப்பிடு தூரத்தில் இருப்பவள். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் முதலில் தட்டப்படுவது அவள் அறைக் கதவுதான்.

கதிர் ஏன் நிற்பதில்லை?

ஆலைக்காரர்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்போம். இயந்திரங்கள் கோடிக்கணக்கில் கடன் வாங்கிப் போட்டவை. வட்டி இரவில் தூங்குவதில்லை. ஆயிரம் கதிர்கள் கொண்ட ஒரு ரிங் பிரேமை நிறுத்தி மறுபடி ஓட்டினால் இழைகள் கொத்துக் கொத்தாக அறும். கூடத்தின் வெப்பமும் ஈரப்பதமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். காற்று உலர்ந்தால் நூல் நிற்காது. எனவே மூன்று ஷிப்ட் ஓட்டினால்தான் கட்டுப்படியாகும் என்கிறார்கள். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் மில்கள் பெருகியதிலிருந்து இந்தக் கணக்குத்தான் நடக்கிறது.

கணக்கு தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. கணக்கில் ஒரு செலவு எழுதப்படவில்லை என்கிறோம்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்று ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்த மொழி நம்முடையது. மில் அதைப் பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மூன்றாகப் பகுக்கிறது. உடம்போ பழைய கணக்கிலேயே இயங்குகிறது. இருட்டினால் உறக்கம் தரும் சுரப்பு ஊறும். விடியற்காலைக்கு முன் உடல் வெப்பம் தாழும். வெளிச்சம் வந்தால் விழிப்பு தட்டும். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் படுத்தால், அந்த உறக்கம் இரவு உறக்கத்தைவிட நேரத்திலும் குறைவு, ஆழத்திலும் குறைவு.

வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும்போது நிலைமை இன்னும் மோசம். உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகத் தொடங்கும்போது அடுத்த ஷிப்ட் வந்துவிடுகிறது. பசி எடுக்கும் நேரத்தில் சாப்பாடு இல்லை. சாப்பாடு இருக்கும் நேரத்தில் பசி இல்லை. வயிற்றெரிச்சல், தலைவலி, மாதவிடாய்த் தடுமாற்றம் என்று பெண்கள் எங்களிடம் சொல்வது ஊருக்கு ஊர் மாறுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடம்பின் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு ஷிப்டைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்து, அதே இடத்தில் வைத்தது. இதோடு பஞ்சுத் தூசியும் சேர்கிறது. புளோ ரூம், கார்டிங் பிரிவுகளில் தூசி அதிகம். நாளடைவில் அது நுரையீரலைக் கெடுக்கும்.

காலனியில் பகல் உறக்கம்

மருத்துவர், 'பகலில் நன்றாகத் தூங்குங்கள்' என்கிறார். எங்கே தூங்குவது? தொகுப்பு வீட்டில் இருப்பது ஒரே அறை. மேலே கான்கிரீட், சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கே கூரை கொதிக்கும். அதே அறையில்தான் அடுப்பு, பிள்ளைகள், படுத்த படுக்கையான மாமியார். தண்ணீர் வண்டி வந்தால் எழுந்தாக வேண்டும். ரேஷன் கடையும் நூறு நாள் வேலைக் கூட்டமும் பகலில்தான். 'பகலெல்லாம் தூங்குகிறாள்' என்று பேசுகிற வாய்களும் உண்டு.

மில் வேன் பிரதான சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஊரைச் சுற்றிக் காலனிக்கு நடக்க வேண்டிய தூரத்தில் பல இடங்களில் தெருவிளக்கு இல்லை. அரை நைட் முடிந்து நள்ளிரவுக்குப் பின் திரும்பும் பெண்ணுக்கு இருட்டும் பயம், அந்த இருட்டில் நிற்கும் சாதியும் பயம். வண்டி காலனி வாசல் வரை வர வேண்டும் என்று நாங்கள் கேட்பது வசதிக்காக அல்ல.

ஆலைக்கும் நட்டம்தான்

களைத்த கை ஆலைக்கும் உதவுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கண் செருகும்போது அறுந்த இழை ஒட்டப்படாமல் கிடக்கிறது. பஞ்சு கழிவாகப் போகிறது. ஒட்டியதும் தடித்து முடிச்சாக நிற்கிறது. அந்தக் கோன் திருப்பூரில் பனியன் துணியாகும்போது ஓட்டை விழுகிறது. சரக்கு திரும்பி வருகிறது. ஓடும் இயந்திரத்தில் முடியோ துப்பட்டாவோ சிக்கும் விபத்துக்கும் களைப்பு பெரிய காரணம்.

அதைவிடப் பெரிய நட்டம், ஆள் தங்காதது. ஒரு பெண் தேர்ந்த சைடர் ஆவதற்கு மாதக்கணக்கில் ஆகிறது. கைப்பழக்கம் வரும் நேரத்தில் உடம்பு முடியாமல் நின்றுவிடுகிறாள். மீண்டும் முகவர், மீண்டும் கமிஷன், மீண்டும் புதிய கை. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று ஒடிசாவுக்கும் பீகாருக்கும் ஜார்க்கண்டுக்கும் போகிறார்கள். உள்ளூர் ஆட்கள் ஏன் வரவில்லை என்று எத்தனை ஆலைகள் உட்கார்ந்து யோசித்தன? ஒருவரையே இரண்டு ஷிப்ட் நிறுத்தி இன்றைய உற்பத்தியைக் காப்பாற்றும் ஆலை, அடுத்த மாத வருகைப் பதிவேட்டில் அதை இழக்கிறது.

எட்டு மணி நேரம் எப்படி வந்தது?

பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஒருகாலத்தில் தீண்டப்படாதோரை நெசவுப் பிரிவில் சேர்ப்பதில்லை. அறுந்த நூலைத் தறி நாடாவில் வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும். அவர்கள் வாய் வைத்தால் தீட்டு என்றார்கள். கூலி குறைந்த நூற்புப் பிரிவே அவர்களுக்கு மிஞ்சியது. 1928 வேலைநிறுத்தக் காலத்தில் அண்ணல் அம்பேத்கர் இதை வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பின்னர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அவர் 1946-ல் கொண்டுவந்த திருத்தம்தான், ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளில் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது. மில்லில் வேலை பார்க்கும் எல்லாச் சாதியினரும் அனுபவிக்கும் உரிமை அது.

அந்த உரிமை தானாக நிலைத்து நிற்காது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதால் மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது.

பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்வதற்கு இருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் நீக்கியது. அதோடு நிபந்தனைகளும் விதித்தது. போக்குவரத்து வசதி வேண்டும். பெண்கள் தனியாக அல்லாமல் குழுவாக இருக்க வேண்டும். பகல் ஷிப்டிலிருந்து இரவுக்கோ இரவிலிருந்து பகலுக்கோ மாற்றும்போது இடையில் 12 மணி நேர ஓய்வு வேண்டும். தடை நீங்கியது எல்லா ஆலைக்கும் தெரியும். நிபந்தனை எத்தனை ஆலைக்குத் தெரியும்? நாடாளுமன்றம் 2020-ல் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டமும், பெண்ணின் சம்மதம் இருந்தால்தான் இரவு வேலை என்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்கிறது. அடுத்த மாத வாடகைக்கும் மகனின் கட்டணத்துக்கும் பயந்து போடும் கையெழுத்து சம்மதமாகுமா என்பதை அதிகாரிகள்தான் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடியவை

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. 2021 ஜனவரியில் தலித் இளம்பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். அதன்பின், தலித் பெண்கள் பெரும்பான்மையாக உள்ள தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி 2022-ல் பெற்றதே 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. வேலைத்தளத்திலேயே தொழிலாளர்களில் சிலர் பயிற்சி பெற்று, தொல்லைகளைக் கண்காணித்து முறையிட அது வழி செய்தது. ஷிப்ட் விஷயத்திலும் அப்படியொரு கண்காணிப்பு வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் பெரியவை அல்ல. ஷிப்ட் பட்டியலை ஒரு மாதம் முன்பே தமிழில் ஒட்டுங்கள். தொடர்ந்து இரண்டு ஷிப்ட் வேண்டாம். மாற்றத்துக்கு இடையே நீதிமன்றம் சொன்ன 12 மணி நேரம் கொடுங்கள். மின்வாரியம் இரவுக்கு வேறு கணக்கு வைத்ததுபோல், இரவுப்படி என்று ஒரு வரியைச் சம்பளச் சீட்டில் சேருங்கள். காலனி வாசல் வரை வண்டி விடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அம்மாவோ அக்காவோ மில்லுக்குப் போனால், அவர்கள் எந்த நாளில் எத்தனை மணிக்குப் போனார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். நாளுக்குச் சட்டம் வைத்த வரம்பைத் தாண்டியதற்கும் வாரத்துக்கு 48 மணியைத் தாண்டியதற்கும் இரட்டிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அந்த நோட்டோடு போகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம்; வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். நோட்டு இருந்தால் வாதம் நிற்கும். இந்த மாதம் முதல் தேதியிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.