சோபாவில் மணிக்கு இடம் உண்டா?

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே ஓடும் என்பார்கள். எங்கள் வீட்டு மணிக்கு இந்தப் பழமொழி தெரியாது. குளிப்பாட்டி விட்டதும் நேரே சோபாவில் ஏறுகிறான், ஒரு சுற்றுச் சுற்றுகிறான், வாலுக்குள் மூக்கைச் செருகிக்கொண்டு படுத்துவிடுகிறான். (‘படுத்துவிடுகிறது’ என்று எழுதினால் மகள் சண்டைக்கு வருவாள்.)

“திண்ணைக்குக் கீழ கிடக்க வேண்டியதை மெத்தையில ஏத்தி வெச்சிருக்கீங்களே” என்று அம்மா முணுமுணுப்பார். “அவன் பாவம் பாட்டி” என்பாள் மகள். போன மாதம் வந்த மாடி வீட்டு நண்பர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: “சோபாவுல ஏத்தாதீங்க சார். உயரத்துல உட்காந்தா தான்தான் வீட்டுக்குத் தலைவன்னு நினைச்சுக்கும். அப்புறம் உங்களை மதிக்காது.”

நண்பரைக் குறை சொல்ல முடியாது. நாய்ப் பயிற்சியாளர்கள் பலர் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருவது இதைத்தான். இதன் வேர் நாயிடம் இல்லை, ஓநாயிடம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்த ருடால்ஃப் ஷெங்கல், 1947இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவை எப்போதும் முதலிடத்துக்கு மோதிக்கொள்கின்றன, வென்றது கூட்டத்துக்குத் தலைமை ஏற்கிறது என்றார். அமெரிக்க உயிரியலாளர் டேவிட் மீச் 1970இல் எழுதிய ஓநாய்ப் புத்தகம் இந்தக் கருத்தை உலகெங்கும் கொண்டுபோனது. ஓநாயின் வழிவந்ததுதானே நாய், அதுவும் தலைமைக்குக் காத்திருக்கும் என்று மற்றவர்கள் முடிச்சுப் போட்டார்கள். மனிதர் முதலில் சாப்பிட வேண்டும், வாசலை முதலில் தாண்ட வேண்டும், நாய் தரையில்தான் கிடக்க வேண்டும் என்றெல்லாம் சட்டங்கள் பிறந்தன.

பாசலில் இருந்தவை தங்களுக்குள் உறவில்லாத ஓநாய்கள். ஒரே அடைப்புக்குள் தள்ளப்பட்டு, வெளியே போக வழியில்லாமல் இருந்தவை. அவற்றை வைத்து ஓநாய்க் குடும்பத்தைப் பற்றி எழுதுவது, முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் அடிதடியைப் பார்த்துவிட்டு, நம் வீடுகளில் சாப்பாட்டுப் பந்தி இப்படித்தான் நடக்கும் என்று எழுதுவதற்குச் சமம். இதைக் கண்டுபிடித்தவர் வேறு யாருமல்ல, அதே மீச்தான். வடதுருவத்தை ஒட்டிய எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் கோடைதோறும் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்தார். அங்கே கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். தலைமைக்குச் சண்டையே இல்லை. பெற்றவர்கள் வழிநடத்துகிறார்கள், பிள்ளைகள் வளர்ந்ததும் தனிக்குடித்தனம் போய்விடுகின்றன. 1999இல் இதைக் கட்டுரையாக எழுதினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவழியாக 2022இல் அச்சு நின்றது. சொன்னதைத் திருத்திக்கொள்ள இத்தனை பாடுபட்ட ஒரு விஞ்ஞானியின் பெயரில்தான் மணி இன்னும் சோபாவிலிருந்து விரட்டப்படுகிறான்!

சோபாவில் இடம் கிடைத்த நாய்கள் உண்மையிலேயே கெட்டுப்போகின்றனவா? அமெரிக்காவில் விக்டோரியா வாய்த்தும் அவரது குழுவினரும் 711 நாய்களின் உரிமையாளர்களிடம் திரட்டிய தகவல்களை 1992இல் வெளியிட்டார்கள். செல்லம் கொடுக்கப்பட்ட நாய்கள் மற்றவற்றைவிட அதிகத் தொல்லை தரவில்லை என்பது அதில் கிடைத்த விடை.

பின் எதற்காகத்தான் ஏறுகின்றன? முதல் காரணம் நம் வாடை. எமோரி பல்கலைக்கழகத்தின் கிரகரி பெர்ன்ஸ், அசையாமல் படுக்கப் பழக்கிய 12 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் வைத்து ஐந்து வகை வாடைகளைக் காட்டினார். பழகிய மனிதரின் வாடைக்குத்தான் மூளையில் நல்லதை எதிர்பார்க்கும் பகுதி மிகுதியாக விழித்துக்கொண்டது. வீட்டில் நம் வாடை ஊறிக் கிடக்கும் இடம் சோபாவைவிட வேறு எது? இரண்டாவது, மெத்தென்று இருப்பது. சிப்பிப்பாறை போன்ற ஒல்லி நாய்களுக்கு எலும்புக்கும் தோலுக்கும் நடுவே கொழுப்பு குறைவு. கனமான நாய்கள் டைல்ஸ் தரையிலேயே கிடந்தால் முழங்கையில் தோல் காய்த்துப்போகும். சிலவற்றுக்கு நீர் கோத்து வீங்கும். மணி மே மாதத்தில் சோபாவைத் திரும்பியும் பார்ப்பதில்லை. குளியலறைத் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடப்பான், உடல் சூட்டைத் தரைக்குக் கடத்த. சிம்மாசனமாக இருந்தால் சீசனுக்குச் சீசன் இறங்கி வருவானா?

இருந்தாலும் ஒரு விஷயத்தில் நண்பருக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். சோபாவில் இருக்கும் நாயை இறக்கப் போனால் உறுமுகிறது என்றால் கவனிக்க வேண்டும். பிடித்த இடத்தை விட மனமில்லாமல் இருக்கலாம். இடுப்பிலோ காதிலோ வலி இருக்கலாம். உறுமலுக்கு அடி கொடுத்தால் உறுமுவது நின்றுவிடும், பயம் நிற்காது. அடுத்த முறை முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும். பிஸ்கட்டைக் காட்டி இறங்க வைப்பதுதான் வழி. அப்படிப்பட்ட நாய்க்கு, பழக்கம் மாறும்வரை, சோபா கிடையாது.

எங்கள் வீட்டில் நடந்த பெரிய தவறு வேறு. அம்மா விரட்டுவார், மகள் கூப்பிடுவாள், விருந்தாளி வந்தால் எல்லோருமாக விரட்டுவோம். எப்போதாவது மட்டும் பரிசு கிடைக்கும் பழக்கம் எளிதில் விடாது என்பதை பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டியிருக்கிறார். பரிசு நின்றுபோன பிறகும் அவை வெகுநேரம் கொத்திக்கொண்டே இருந்தன. லாட்டரிச் சீட்டு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஏற்றுவதானால் எப்போதும் ஏற்றுங்கள், இல்லையென்றால் ஒருநாளும் வேண்டாம்.

இப்போது அம்மாவின் கட்சிக்கு வருகிறேன். அவருடைய கவலை உண்ணி, தெள்ளுப்பூச்சி. கவலை நியாயம், குற்றவாளி மட்டும் சோபா இல்லை. நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, வீட்டுக்குள்ளேயே முழு வாழ்க்கையையும் நடத்தக்கூடிய அபூர்வ வகை. ரத்தம் குடித்து உருண்ட பெண் உண்ணி நாயிலிருந்து கழன்று, சுவரில் ஏறி, விரிசலிலோ ஜன்னல் சட்டத்திலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மணியை வராந்தாவிலேயே வைத்திருந்தாலும் அது சுவர் ஏறத்தான் செய்யும். நாய்க்கு வரும் ‘டிக் ஃபீவர்’ இதனால்தான்: காய்ச்சல், சோர்வு, ரத்தத் தட்டணுக்கள் சரிவு, சில சமயம் மூக்கில் ரத்தம். (செய்தித்தாள்களில் மனிதர்களுக்கு வருவதாகப் படிக்கும் ‘உண்ணிக் காய்ச்சல்’ வேறு. அதைப் பரப்புவது புதரில் இருக்கும் ஒரு சிற்றுண்ணியின் இளம்பருவம். மணிக்கு அதில் சம்பந்தமில்லை.)

தெள்ளுப்பூச்சி இன்னும் தந்திரசாலி. நாயின் மேல் நாம் பார்ப்பது மொத்தக் கூட்டத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மிச்சமெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டில் இருக்கின்றன. முட்டை ஒட்டாது, உப்புத் தூவியதுபோல் உதிரும். புழு வெளிச்சத்தை வெறுத்து சோபாவின் இடுக்குக்குள் நுழையும். வளர ஈரக்காற்று வேண்டும், சென்னையில் அதற்கா பஞ்சம்? கூட்டுப்புழு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடச் சும்மா கிடக்கும். வெப்பமும் அதிர்வும் தெரிந்தால் வெளியே குதிக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர்களின் காலைப் பூட்டிய வீடு கடிப்பது இதனால்தான். விரிப்பை வெந்நீரில் துவைப்பதும் வெயிலில் காயப்போடுவதும் உதவும். ஆனாலும் கால்நடை மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையோ, கழுத்தில் விடும் மருந்தோ தவறாமல் போகாவிட்டால் துவைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கிருமிகளைப் பொறுத்தவரை சோபாவை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 40 வீடுகளில் எடுத்து 2013இல் வெளியான ஆய்வில், நாய் உள்ள வீட்டின் தலையணை உறையிலும் தொலைக்காட்சித் திரையிலும்கூட நாயோடு வந்த பாக்டீரியாக்கள் இருந்தன. நலமாக இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ளவர் வீட்டில் இருந்தால் கதையே வேறு: ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் எச்சிலிலும் உதிரும் தோலிலும் இருந்து மெத்தைத் துணியில் படிந்துவிடும். அங்கே நாய்க்கு சோபாவும் வேண்டாம், படுக்கையறையும் வேண்டாம். ‘ஒவ்வாமை தராத இனம்’ என்று அதிக விலைக்கு விற்பவர்களையும் நம்ப வேண்டாம்.

ஏறுவதைவிடக் குதிப்பதுதான் எனக்குப் பயம். குட்டைக்கால், நீள முதுகு கொண்ட டாஷ்ஹண்டுக்கு முதுகெலும்புத் தட்டுகள் இளம் வயதிலேயே கெட்டியாகி நழுவக்கூடியவை. பொம்மை போன்ற சின்ன இனக் குட்டிகள் சோபாவிலிருந்து குதித்து முன்னங்கால் எலும்பை முறித்துக்கொண்டு வருவது கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. வழவழப்பான டைல்ஸ் என்றால் மூட்டுத் தேய்ந்த வயதான லாப்ரடார் இறங்கும்போதே சறுக்கும். இறங்கும் இடத்தில் ஒரு கோணிச் சாக்கைப் போடுங்கள், போதும்.

எங்கள் வீட்டில் ஒப்பந்தம் ஆகிவிட்டது. சோபாவின் இடது ஓரம் மணிக்கு. அதன் மேல் அம்மாவின் பழைய பருத்திப் புடவை, ஞாயிறுதோறும் துவைக்கப்படும். அம்மாவின் நாற்காலிப் பக்கம் அவன் போகக் கூடாது. “இறங்கு” என்று யார் சொன்னாலும் இறங்க வேண்டும்.

உங்கள் வீட்டில் முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். நெருக்கமான பல் உள்ள சீப்பால் நாயின் வாலடியைச் சீவி, வரும் கரும்பொடியை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கறை பரவினால் அது மண் இல்லை, தெள்ளுப்பூச்சியின் எச்சம்; உங்கள் நாயின் ரத்தம்தான். அப்போது சோபாவைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, நாயைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.